பக்கத்து நாற்காலிப் புறா

"இந்தப் புறாவைக் கொஞ்சம் வெளியே வச்சுக்கிறீங்களா?"

டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

அந்தப் பறவை மருத்துவமனையில் இருந்ததே இரண்டு நாற்காலி. பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரர், கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல், மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டைப் பெட்டி. ஓட்டை வழியே சாம்பல் நிறப் புறா ஒன்று எட்டிப் பார்த்தது.

"இது ஒண்ணும் பண்ணாதும்மா. பரம சாது."

"உள்ளே என் பஞ்சவர்ணக் கிளி உயிருக்குப் போராடிட்டிருக்கு. இதுகிட்டேருந்து ஏதாவது தொத்திக்கிட்டா?"

காலையில் கிளி ஃபேனில் அடிபட்டு விழுந்திருந்தது. தரையெல்லாம் ரத்தம். மகள் வெளிநாடு போன பிறகு அந்த வீட்டில் டீச்சரோடு பேசுகிற ஒரே ஜீவன் அதுதான். "ஒரு வழி இருக்கு, பார்க்கிறேன்" என்று சொல்லி டாக்டர் கதவைச் சாத்தி வெகுநேரம் ஆகிவிட்டது.

"என் கிளி பாடும். வாசல்ல மணி அடிச்சா யாரதுன்னு கேக்கும். எனக்குத் தலைவலின்னா அதுக்குத் தெரிஞ்சிடும். புறாவுக்கு என்ன தெரியும்? ஏ.சி. பெட்டி மேல அசிங்கம் பண்ணத் தெரியும்!"

தையல்காரர் சிரித்தார். "வாஸ்தவம்தான். இதுக்கு ஒரு மண்ணும் தெரியாது."

பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து, வாசல் படியில் போய் நின்றார்.

கதவு திறந்தது. உதவியாளப் பெண் நேரே அவரிடம் போனாள். "வந்துட்டீங்களா? சீக்கிரம் உள்ளே வாங்க!"

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் கிளி அங்கே சாகக் கிடக்கு, இப்பப் புறாவுக்கு என்ன அவசரம்?"

பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் தையல்காரர் வெளியே வந்தார். "கவலைப்படாதீங்கம்மா, கிளி பிழைச்சுக்கும்" என்றார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் படியிறங்கவும் டாக்டர் வரவும் சரியாக இருந்தது.

"கண்ணைத் திறந்துடுச்சு டீச்சர். இனி பயமில்ல."

டீச்சருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. டாக்டருக்கு நன்றி சொன்னார். உதவியாளப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். தரை துடைத்துக்கொண்டிருந்தவரைக்கூட விடவில்லை. மனசு நிறைந்துபோனதில் கோபம் ஆறி, கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"பாவம், அந்தப் புறாவுக்கு என்ன வியாதி டாக்டர்?"

"வியாதியா? அதுக்கு ஒரு வியாதியும் இல்ல. உங்க கிளிக்கு ரத்தம் ஏத்தியாகணும், இன்னொரு கிளிக்கு எங்கே போறது? ஆபத்துக்கு ஒரு தடவை புறா ரத்தம் கை கொடுக்கும். அந்தத் தையல்காரருக்குப் போன் பண்ணேன். மனுஷர் கடையைப் பூட்டிட்டு ஓடி வந்தாரு. புறாவும் சமத்தா அசையாம இருந்து ரத்தம் கொடுத்துச்சு."

டீச்சர் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினார். சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றார். அத்தனை பேருக்கும் நன்றியை வாரி இறைத்தவர், இப்போது பெட்டியை நோக்கிக் கையை மட்டும் நீட்டினார்.

அவரோ பதறிப்போய், "கோவிச்சுக்காதீங்கம்மா, இதோ கிளம்பிட்டோம்" என்றார்.