சீக்கிரமே வந்த குழந்தை

“பாலன் இயேசுவை எவன் உள்ள வெச்சான்?”

ஃபிரெட்ரிக் போட்ட சத்தத்தில் கோட்டூர்புரத்தின் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. இருபத்துநாலாம் தேதி நடுராத்திரி வரைக்கும் குடிலில் மாதா, சூசையப்பர், ஆடு மாடு மட்டும்தான். தீவனத் தொட்டி காலியாக இருக்க வேண்டும். சர்ச் நடத்தும் குடில் போட்டிக்கும் அதுதான் விதி.

சாயங்காலம் மார்க் போட ஃபாதர் வருகிறார். தொட்டியிலோ குழந்தை கையை விரித்துக்கொண்டு சிரிக்கிறது.

“போன வருஷம் அடுத்த தெருக்காரன் கேடயத்தை வாங்கி, என் கடை வாசல்லயே நின்னு போட்டோ எடுத்தான். இந்த வருஷமும் விடச் சொல்றியா ஃப்ளோரா?”

விடக்கூடிய குடிலா அது? கிண்டியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஃபிரெட்ரிக், டிவியில் போர்ச் செய்தி பார்த்துப் பார்த்துக் கட்டியது. மாட்டுக்கொட்டகைக்குப் பதில் அகதி முகாம். கடையிலிருந்து வந்த முள்கம்பி, நீலத் தார்ப்பாய்க் கூடாரம், இடிந்த சுவர். மேலே பலகை: ‘வீடிழந்தவர்களோடு இயேசு’. தினமும் தெருக்காரர்களைக் கூட்டி, பார்த்தே இராத நாட்டு ஜனங்களுக்காகக் கண்ணீரோடு ஜெபம் வேறு.

“நான்தான் வெச்சேன்” என்றாள் அவர் மனைவி ஃப்ளோரா.

“சின்ன வயசுலேர்ந்து பூசைக்குப் போற. இதுகூடத் தெரியாது?”

“தெரியும்.”

“அப்போ எடு.”

“கொஞ்ச நேரம் பொறுங்க.”

“ஃபாதர் வந்துடுவார். பத்து ரூபா பேரத்துலயே நான் விட்டுக்குடுத்ததில்ல, தெரியுமில்ல?”

“அதான் உங்களக் கேக்காம வெச்சேன்.”

ஃபிரெட்ரிக் முள்கம்பிக்குள் கையை விட்டார்.

“நைனா, எடுத்துடாதீங்க.”

ஆற்றங்கரைக் குடிசையில் இருக்கும் முத்தம்மா. அவள் பின்னால் அந்தக் கரையே வந்து நின்றது. குளித்து, தலை வாரி, பொட்டு வைத்து, செருப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

“வருஷா வருஷம் உங்க ஆளுங்களுக்குப் பின்னாடி நின்னு புள்ளையக் கும்பிட்டுக்கினு போவோம். இந்த வாட்டி முடியாது நைனா. நாளைக்குக் காலைல லாரி வருது.”

“இன்னா லாரி?”

“கரையக் காலி பண்றாங்க இல்ல. ஊருக்கு வெளிய மாடி வீடு குடுத்துகீறாங்க. அங்கேர்ந்து ராத்திரில எங்க வர்றது? அதான் அக்காகிட்ட கேட்டேன், புள்ள மூஞ்சிய ஒரு வாட்டி பாத்துட்டுப் போயிடறோம்னு.”

ஃபிரெட்ரிக் கையை வெளியே எடுத்தார். வெறும் கை.

முத்தம்மா கற்பூரம் ஏற்றினாள். வேறொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். “வைக்கோலு இருக்கு, பாத்து” என்று மட்டும் சொல்லிவிட்டு, காற்றில் அணையாமல் ஃபிரெட்ரிக் இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தார்.

ஒருத்தி தன் கைக்குழந்தையைத் தூக்கி, தொட்டியில் கிடந்த குழந்தைக்குக் காட்டினாள்.

ஃபாதர் வந்து நின்றதையே யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் நகர்ந்ததும் அவர் தொட்டியைப் பார்த்தார்.

“பாலன் இப்பவே வந்துட்டாரே. விதிப்படி இந்தக் குடில் போட்டியில இல்ல, ஃபிரெட்ரிக்.”

“சரி ஃபாதர்.”

ஃப்ளோரா திரும்பிப் பார்த்தாள். பேரம் பேசாமல் இந்த மனுஷன் ‘சரி’ சொல்லி அவள் கேட்டதில்லை.

ஃபாதர் முள்கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆனா தத்ரூபமா இருக்குப்பா. இது எந்த நாட்டு முகாம்?”

காலையில் கேட்டிருந்தால் ஃபிரெட்ரிக் டிவியில் வரும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருப்பார். இப்போது, செருப்பை மாட்டிக்கொண்டு இருட்டில் இறங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்ம ஆத்தங்கரை, ஃபாதர்.”