அழித்த வரி

சாக்பீஸ் நின்றது.

கரும்பலகையின் நடுவில், இப்போதுதான் தன் கையால் எழுதி முடித்த வரியை அவள் மறுபடி படித்தாள்.

வேறு யாரும் படிக்கவில்லை. திருச்சியிலிருந்து வைவா வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த தேர்வாளர் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் அவள் ஆய்வேட்டை வைத்துப் படித்தவர். அவளுடைய கைடு கதவுப் பக்கம் பார்த்தார், சமோசா வந்துவிட்டது. தேர்வாளருக்குப் போர்த்த வாங்கிய பொன்னாடை மேசைமேல் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது.

கடைசி வரிசையில் அம்மா. செங்கல் சூளைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்ச நேரம் பேசி முடித்தால் டாக்டர்.

அந்த வரி தப்பு.

ஐந்து வருட வேலையும் அந்த வரியின் மேல்தான் நின்றது. ஒவ்வொரு சமன்பாட்டையும் தனித்தனியாகப் பிடித்தால் அதற்கென்று ஓர் எல்லை உண்டு. அது பழைய செய்தி. சமன்பாட்டின் படி, அதாவது அதிலுள்ள மிகப் பெரிய அடுக்கெண், இரண்டோ இரண்டாயிரமோ, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எல்லை போதும் என்பது அவளுடைய தேற்றம். மாடல் தியரி என்ற கணிதப் பிரிவில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. களம் என்றால் கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் ஒழுங்காக நடக்கிற எண்களின் கூட்டம். அதற்கென்று ஒரு மொழி உண்டு. சொல்ல வந்ததை அந்த மொழியில் எழுதிவிட்டால், தனித்தனி எல்லைகளெல்லாம் ஒரே எல்லைக்குள் அடங்கிவிடும்.

எழுத முடிந்தால்.

அது வார்த்தைப் பஞ்சம் பிடித்த மொழி. கூட்டு, பெருக்கு, சமம், இல்லை, எல்லா எண்ணுக்கும், ஏதோ ஒரு எண்ணுக்கு. சொச்சம் கொஞ்சம். 'எந்தப் படியானாலும்' என்று சொல்ல அதில் வழியே கிடையாது. படி களத்துக்குள் இருக்கும் எண் இல்லை. வெளியே நின்று நாம் எண்ணுவது.

அவள் அதை வாக்கியத்துக்குள் நுழைத்திருந்தாள். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலோர சீட்டில் சாய்ந்து வருவதுபோல அது இத்தனை வருடமும் அங்கேயே உட்கார்ந்து வந்திருக்கிறது.

அழித்தால் ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பி வரும். ஒரேயடியாகத் தள்ளியும் விடலாம். உதவித்தொகை போன மாதமே நின்றுவிட்டது. இன்னொரு வருடம் இழுத்தால் அம்மா இன்னொரு வருடம் மண் மிதிக்க வேண்டும்.

அழிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

சூளையில் வெடிப்பு விழுந்த, சுடாத பச்சைக்கல்லை, மேஸ்திரி எண்ண வருவதற்கு முன்னால் அம்மாவே காலால் மிதித்து மண்ணாக்கிவிடுவாள். நேர்மையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நடுவில் ஒரு கல் நொறுங்கினால் அடுக்கு சரியும். சரிந்தால் அன்றைய பாடு மொத்தமும் போச்சு.

அவள் டஸ்டரைத் தேடவில்லை. உள்ளங்கையால் அழித்தாள்.

"என்னம்மா பண்ற?" கைடின் குரல் கீச்சிட்டது.

"தப்பு சார்."

தேர்வாளர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். "எங்கம்மா தப்பு? எனக்குச் சரியாத்தானே பட்டுச்சு."

"எனக்கும் இத்தனை நாள் அப்படித்தான் சார் பட்டுச்சு."

யாரோ சிரித்தார்கள். கைடு சிரிக்கவில்லை.

அவள் மறுபடி எழுதினாள். படியை வெளியிலேயே நிறுத்தினாள். படி இரண்டுக்கு ஒரு வாக்கியம். மூன்றுக்கு வேறொன்று. நான்குக்கு வேறொன்று. ஒவ்வொன்றும் அந்த ஏழை மொழிக்குள் அடங்கியது. அந்தந்தப் படியிலுள்ள சமன்பாடுகளுக்குப் பொதுவாக ஓர் எல்லை கிடைத்தது. எல்லாப் படிக்கும் ஒரே எல்லை என்ற பெரிய பேச்சு போய்விட்டது. ஆய்வேட்டின் தலைப்பும் அதோடு போனது.

மிச்சம் நின்றது சின்னத் தேற்றம்தான். ஏறி மிதித்தாலும் தாங்கும்.

எழுதி முடித்துத் திரும்பியபோது அவள் முதுகு நேராக இருந்தது. தேர்வாளர் பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். பிறகு இன்னொரு முறை, விரலை வைத்து.

"கொஞ்சம் வெளிய இருங்கம்மா. நாங்க பேசணும்."

எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

வராந்தா பெஞ்சில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கேன்டீன்காரர் தட்டை நீட்டினார். அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அய்யோ, அது அவங்களுக்கு வாங்குனது."

அவர் நகர்ந்ததும் மகள் பக்கம் சாய்ந்தாள்.

"ஏண்டி, அவ்ளோ நேரம் எழுதிட்டு எதுக்கு அழிச்ச?"

"தப்பா இருந்துச்சும்மா."

"யாரு கண்டுபிடிச்சது? அந்தக் கண்ணாடிக்காரரா?"

"இல்ல. நாந்தான்."

"அவருக்குத் தெரியலையா?"

"தெரியல."

அம்மா மகளின் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க வெள்ளை. அதைத் தட்டிவிடப் போனவள், விட்டுவிட்டாள்.

பிறகு கேன்டீன்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க வாங்க. உள்ள ஒரு பொண்ணு அழிச்சிச்சுல்ல, பாத்தீங்களா? எம்பொண்ணு."

"பாஸாம்மா?"

"அதை அவங்க சொல்லட்டும்."

தட்டிலிருந்து ஒரு சமோசாவை எடுத்தாள். மகளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.

கதவு திறந்தது. கைடு தலையை நீட்டி உள்ளே வரச் சொல்லிக் கையாட்டினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவள் எழுந்தாள். அம்மா அவள் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"இரு. சாப்ட்டு வர்றோம்னு சொல்லு."