எல்லை மாகாணத்தில் ஓர் ஏசி

அமீரகத்துப் புஜைராவின் மாலை வெயில் திரைச்சீலையில் வடிந்து, சாப்பாட்டு மேசைமேல் மஞ்சளாக மிதக்கிறது. மேசையில் இருநூறு வருடத்துக்கு முந்தைய டெக்சாஸ் இருக்கிறது. ஸ்பெயினை எதிர்த்து மெக்சிகோ எழுந்த நாட்களின் அந்த எல்லை மாகாணத்தை, பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக மஹதி கட்டிக்கொண்டிருக்கிறாள். மணல் இந்த ஊர்க் கடற்கரையுடையது. அட்டை, அப்பாவின் விசா முடிவதால் சாமான் கட்ட வாங்கிய கார்ட்டனில் வெட்டியது. ஒவ்வொரு மண்வீட்டுச் சுவரிலும் தீப்பெட்டியால் செய்த ஏசி. அப்பா சேதுமாதவன் சிரித்துவிடுகிறார். "அந்தக் காலத்துல ஏதும்மா ஏசி?" அவள் ஒவ்வொன்றாகப் பிய்க்கிறாள், பசை வெயிலில் மின்னும் நூலாக இழுபடுகிறது. உள்ளறையில் அம்மா பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் நீளமாகக் கிழிகிறது. "ஸ்பெயின் ஆர்மி திரும்பி வந்து ஊரைப் பிடிச்சப்போ இந்த வீட்டுக்காரங்கல்லாம் என்னப்பா ஆனாங்க?" "நிறையப் பேர் எல்லையைத் தாண்டிப் போயிட்டாங்களாம்." "அங்கேயே பொறந்தவங்களுமா?" புஜைராவில் பிறந்தவள் தலை நிமிராமல் கேட்கிறாள். அவர் மேசையில் சிந்திய மணலை உள்ளங்கையால் மெல்லக் கூட்டுகிறார். "அவங்களும்தான்." மஹதி கடைசி வீட்டின் ஏசியை மட்டும் பிய்க்காமல், கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். "இது இருக்கட்டும்ப்பா. திரும்பி வரும்போது அவங்களுக்கு வேர்க்குமில்ல."