மலைப்பாதையில் அரை சென்டிமீட்டர்

“எவன் என் மலைப்பாதையில கை வச்சது?”

கணக்கு வாத்தியார் போட்ட சத்தத்தில், அடுப்படியில் இருந்த மனைவி கரண்டியோடு முன்னறைக்கு வந்தாள். அவர்கள் குடியிருப்பது மாடியில். கீழே அவள் தம்பியின் சைக்கிள் கடை. முன்னறையில் மனுஷர் நடக்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நின்றது வாத்தியாரின் மாடல் ரயில்.

மூன்று வருட உழைப்பு. சாயங்காலம் போட்டி நடுவர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கப் போகிறார்கள். மலையேறும் தண்டவாளம் மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. உயர்ந்தால் போட்டியிலேயே சேர்க்க மாட்டார்கள்.

“போன மாசம் சரியா ரெண்டு. இன்னிக்கு ரெண்டரை.” கையிலிருந்த, சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை ஆட்டிக் காட்டினார். “ஸ்டேஷன்ல நிறுத்தி வைக்கிற பெட்டியெல்லாம் காலையில பார்த்தா ஓரத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குது. யாரோ வந்து விளையாடுறாங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்.”

“என் தம்பியையா சொல்றீங்க?”

“பின்ன, உங்க பெரியப்பாவையா?”

“நல்லா இருக்கே கதை. குளியலறைக் கதவு பத்து நாளா சாத்தவே முடியல, அதைப் பார்க்க உங்களுக்கு நேரமில்ல. பொம்மை ரயிலுக்கு மட்டும் விடிஞ்சா அளவு எடுக்கணும்.”

“பொம்மைன்னு சொல்லாத.”

சத்தம் கேட்டுத் தம்பியே படியேறி வந்தான். தலையெல்லாம் தூசி. “என்ன மாமா, கடை வரைக்கும் கேக்குது?”

“உனக்கு என் மேல அப்படி என்ன கோபம், மச்சான்? மூணு வருஷம் உயிரைக் கொடுத்துக் கட்டினேன். ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டியே.”

“நான் எங்க மாமா இங்க வந்தேன்? ரெண்டு வாரமா கடையை அகலமாக்குற வேலை. சோறு தண்ணி இல்லாம கிடக்குறேன். சத்தியமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல.”

“உன் சத்தியத்தை நீயே வச்சுக்க. இப்பவே பிடிச்சுக் காட்டுறேன்.”

வாத்தியார் ரயில் நின்ற மேசைக்கு அடியில் தவழ்ந்தார். தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளின் திருகாணிகள் மேல் சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தார். யாராவது திருகினால் சாயம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அத்தனை திருகாணியையும் பார்த்தார். ஒன்றில்கூட உடையவில்லை.

ஆத்திரம் இன்னும் தலைக்கேறியது. எப்போதும் ஏற்றத்தை மட்டும்தான் அளப்பார். ஸ்டேஷன் சமதளம், அதைப் போய் எவன் அளப்பான்? இன்று அங்கேயும் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் சாய்வு.

சட்டென்று குனிந்து வெறும் தரையில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் அதே அரை சென்டிமீட்டர்.

“என்ன மாமா, தரையில என்ன தேடுறீங்க? கெடுத்தது யாருன்னு தெரிஞ்சுதா?”

வாத்தியார் நிமிர்ந்தார். குரலில் இப்போது கோபமே இல்லை.

“கீழ நீ எந்தச் சுவரை இடிச்ச, மச்சான்?”