பதினாறு டிகிரி

"ஏ.சி. ஓடுதா, இல்ல சத்தம் மட்டும் போடுதா?"

டாக்டர் சித்ரகலா மேடையில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்தார். நல்லூர் பனியன் கம்பெனியில் பெண் தொழிலாளிகளுக்குப் பேச வந்திருந்த விஞ்ஞானி அவர்.

"பதினாறுல ஓடுதுங்க மேடம்" என்றார் மேனேஜர் சிவராஜ்.

"அப்புறம் எனக்கு ஏன் இப்படி வேர்க்குது? சரி பண்ணலேன்னா நான் கிளம்பிடுவேன்."

சிவராஜ் பதறினார். இந்தக் கூட்டம் நடந்த போட்டோ போகாவிட்டால் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஆர்டரை நிறுத்திவிடுவார். எலக்ட்ரீசியன் முனீஸ் ஏணி போட்டு ஏறிப் பார்த்தான்.

"ஐஸ் மாதிரில்லா காத்து வருது, சார்."

"இன்னொரு ஏ.சி.யையும் போடுப்பா."

போட்டான். தையல் செக்‌ஷன் பெண்கள் நடுங்க ஆரம்பித்தார்கள். நார்வேக்குப் போக வேண்டிய பெட்டிகளைப் பிரித்து, ஆளுக்கொரு தொப்பி வைத்த ஹூடி மாட்டிவிட்டார்கள்.

டாக்டர் ஃபைலால் விசிறிக்கொண்டார். "உங்க கரண்ட்லதான் ஏதோ கோளாறு."

"இருக்குங்க மேடம்" என்றார் சிவராஜ், பல் தந்தியடிக்க.

ஒருவழியாக ஹெச்.ஆர். தேவிப்பிரியா ஹூடிக்குள்ளிருந்து மைக்கில் பேசினாள். "ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பத்தி முப்பது வருசம் ஆராய்ச்சி பண்ணி, உலகம் பூரா விருது வாங்கினவங்க, இன்னிக்கு நம்மகிட்டப் பேசறாங்க."

டாக்டர் எழுந்தார். "மாதவிடாய் நிக்கிற வயசுல இந்த ஹார்மோன் குறையும். திடீர்னு உடம்பெல்லாம் கொதிக்கும், வேர்த்துக் கொட்டும். வேடிக்கை என்னன்னா, பல பேருக்கு அது என்னன்னே தெரியாது."

நெற்றியை வழித்துவிட்டு முனீஸ் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பதினஞ்சு வைக்க முடியுமான்னு பாருங்க."