கணக்குக்கு உரியவர்

“ஒரு மாசம் இலவசமா தர்றோம் மேடம்” என்றது போன்.

“வேண்டாம்மா. நிறுத்திடுங்க” என்றாள் அவள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் மைதானத்து ஓரம் நிழலில் நின்றிருந்தது. பயிற்சியாளர் இருக்கையில் அவள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், கற்றுக்கொள்பவரின் இருக்கையில், அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த கணவர். போன் இருவருக்கும் நடுவில், ஸ்பீக்கரில்.

காலையிலிருந்து மூன்று செயலிகளின் சந்தாவை ஒழித்துக் கட்டியிருந்தாள்.

ஒன்று, ஓடுகிறவர்களுக்கானது. வீட்டில் யாரும் ஓடவில்லை. இன்னொன்று, முதல் வாரம் இலவசம் என்று உள்ளே இழுத்துவிட்டு, ஒன்றரை வருடமாக மாதம் தவறாமல் கார்டைச் சுரண்டிக்கொண்டிருந்த சினிமாச் செயலி. மூன்றாவது எதற்கென்றே அவளுக்குப் புரியவில்லை. புரியாததற்கெல்லாம் பணம் கட்ட முடியாது என்று அதையும் வெட்டினாள்.

ஒவ்வொன்றும் ‘போகத்தான் வேண்டுமா?’ என்று மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டது. சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில் ஒளித்து வைத்திருந்த பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொள்ளும் ஆட்களையே வழிக்குக் கொண்டுவந்தவள். செயலி எம்மாத்திரம்?

நான்காவதில் பொத்தானே இல்லை. போன் செய்துதான் சொல்ல வேண்டுமாம். இன்று சொல்லாவிட்டால், நாளைக்கு அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்துக்கொள்வார்கள்.

இதை நிறுத்திவிடலாம் என்ற முடிவு கணவருடையது. பேசுவது அவள். கொஞ்ச காலமாக வீட்டில் எல்லாமே அப்படித்தான்.

போனில் இருந்த பெண் லேசில் விடுவதாக இல்லை. பாதிக் கட்டணம் என்றாள். மூன்று மாதம் தள்ளி வைக்கலாம் என்றாள். இந்தச் செயலியை நிறுத்தியவர்களில் பாதிப் பேர் வருத்தப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள் என்றாள்.

அதைக் கேட்டதும் கணவர் மெல்லத் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக் கீழே வைத்தாள்.

“அப்படி வந்தா அப்பப் பார்த்துக்கலாம்மா. இப்ப நிறுத்துங்க.”

விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக இன்னும் நான்கு நிமிடம் போயிற்று. பிறகு அந்தப் பெண் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். கணக்கு மேடம் பெயரில் இல்லையாம். கணக்குக்கு உரியவர் தன் வாயால் சொன்னால்தான் நிறுத்த முடியுமாம்.

இதே பேச்சை ஒரு வருடத்துக்கு மேலாக வங்கியிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. ஒவ்வொரு முறையும் அவரால் போனுக்கு வர முடியாது என்று சொல்லி, வாதாடி, கடிதம் எழுதிக்கொடுத்துக் காரியத்தை முடித்திருக்கிறாள்.

இன்று அப்படிச் சொல்லவில்லை.

“பக்கத்துலதான் இருக்கார். அவரையே கேளுங்க.”

கணவர் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“ஹலோ? சார்?”

மைதானத்தின் கோடியில் யாரோ ரிவர்ஸ் எடுத்து ஒரு ரப்பர் கூம்பைச் சாய்த்தார்கள்.

அவளுக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள். கற்றுக்கொள்பவர் தடுமாறிய மறுகணமே தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கிற பயிற்சியாளரிடம் இதுவரை யாரும் ஓட்டக் கற்றதில்லை.

“பதில் வரலைன்னா லைனை கட் பண்ண வேண்டியிருக்கும் சார்.”

கணவர் கண்ணை மூடினார். உதடு ஒரு தடவை வெறுமனே அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

“நிறுத்…துங்க.”

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. நன்றி சொன்னாள் அந்தப் பெண். காரணம் ஒன்று பதிய வேண்டும் என்று மளமளவென்று ஒப்பித்தாள்: கட்டணம் அதிகமா, பயன்படுத்துவதில்லையா, வேறு செயலி கிடைத்துவிட்டதா?

“இனிமே…” என்று நிறுத்தி மூச்சு வாங்கினார் அவர். “இனிமே நானே… பேசிக்கிறேன்.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்து அவருக்குப் பேச்சு போன நாளிலிருந்து, திரையில் இருக்கும் படங்களை அவர் தொடத் தொட, ‘தண்ணீர் வேண்டும்’ என்றும் ‘வலிக்கிறது’ என்றும் அவருக்குப் பதிலாகச் சொல்லிவந்தது அந்தச் செயலிதான். யாரோ ஒருவருடைய குரல் அது. தன்னைக் கணவர் கூப்பிடுவதைக்கூட அவள் அந்த யாரோவின் குரலில்தான் கேட்டுவந்தாள்.

“அந்தக் காரணம் இதுல இல்லையே சார். ‘மற்றவை’ன்னு போட்டுக்கட்டுமா?”

“போட்டு…க்கோம்மா.”

“சரி சார். நிறுத்தினதுக்கு மெசேஜ் வரும். எந்த நம்பருக்கு அனுப்பட்டும்?”

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. ஒவ்வோர் எண்ணாக, பள்ளம் தாண்டுகிறவரைப் போல நின்று நின்று, சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது சக பயிற்சியாளர் ஒருவர் வந்து அவள் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். கார் எப்போது காலியாகும் என்று கையால் கேட்டார்.

அவள் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

“கொஞ்சம் இருங்கண்ணே” என்றாள். “அவர் போன் பேசிட்டிருக்கார்.”