தவசிக்கனியின் கடைசிப் பாட்டு

தவசிக்கனி அண்ணாச்சி கபடி பாடி எதிரணிக்குள் நுழைந்தால், அந்தப் பாட்டு ஒரே மூச்சில் திரும்பி வரும்வரை மைதானமே அசையாது. எங்கள் அணித் தலைவரின் அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்த இறுதி ஆட்டத்தில் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். கோட்டைத் தாண்டினால் கோப்பை எங்களுக்கு. அதற்குள் பாட்டு அறுந்தது.

"அவுட்!" என்றார் நடுவர்.

"எம் மூச்சா அறும்? உமக்குக் காது செவிடு வே!"

சந்தேகம் வந்தால் பாடியவர் அணியையே கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். நடுவர் கேட்டார். எங்களில் லிங்கதுரைதான், அண்ணாச்சியின் மச்சினன், வாயைத் திறந்தான்.

"பாட்டு நின்னுட்டு அத்தான். வாங்க, அடுத்த வருசம் அடிச்சிருவோம்."

"எவன்ட்டலே விலை போன? ஒரு பயலும் எனக்கு வேண்டாம். எல்லாரும் போங்கலே!"

போய்விட்டோம். கோப்பையும் கூட்டமும் போயின. ஆளில்லாத மைதானத்தில் அவர் மறுபடி பாடத் தொடங்கியது சாலைவரை கேட்டது. சற்று நேரத்தில் அறுந்தது.

"ஏலே லிங்கதுரை! இப்ப அறுந்துச்சா?"

அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான். நாங்கள் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.